அரக்கு நிரப்பிய பித்தளையைத் துலக்குவதற்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது ஒரு பித்தளைத் தட்டமும் ஒரு பூச்சாடியும் கிடைத்தனவாம். மயிலும் கொடியும் செதுக்கி, கோடுகளுக்குள் சிவப்பும் பச்சையும் கறுப்பும் நிரப்பியிருக்கிறது. அடியில் ஆங்கில எழுத்தில் ‘இந்தியா’ என்று குத்தியிருக்கிறது. அப்பப்பா தனுஷ்கோடி வழியாகக் கொண்டுவந்தது என்பது வீட்டுப் பேச்சு. பழைய சாமான் கடைக்காரர் ஒருவர், “மெஷினில் போட்டுத் துலக்கினால் நல்ல விலை போகும்” என்றாராம். எத்தனை வருடப் பழசு, எப்படித் துலக்குவது, என்ன விலை பெறும் என்று மூன்று கேள்விகள்.

மூன்றாகக் கேட்டாலும் இன்றைக்கு அவர் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: கடைக்காரரிடம் கொடுத்துத் துலக்குவதா, வேண்டாமா? வேண்டாம். கோட்டுக்குள் இருப்பது என்னவென்று தெரியும்வரை வீட்டிலும் கை வைக்க வேண்டாம். இந்தவகைச் சாமானில் பித்தளை எடைக்கு எடை எங்கும் கிடைக்கும். செதுக்கலும், அதற்குள் இறங்கிய அரக்கும், சிலவற்றில் மேலே பூசிய வெள்ளீயமும்தான் சேகரிப்பவர் காசு கொடுத்து வாங்குவது. வழக்கமான துலக்கல் எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றையாவது தின்றுவிடும். வயதும் விலையும் அதற்குப் பிறகுதான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது செய்முறையைப் பார்த்தால் விளங்கும். இவ்வகை வேலைக்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத். ஷாஜகானின் மகன் முராத்தின் பெயரில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர். இன்றும் வட இந்தியாவில் அதைப் ‘பித்தளை நகரம்’ என்றே சொல்வார்கள். அங்கே சாமானை மணல் அச்சில் வார்த்து, அல்லது தகட்டிலிருந்து அடித்தெடுத்து, கடைசல் பிடித்து வழவழப்பாக்குவார்கள். பிறகு சிறிய உளியையும் சுத்தியலையும் வைத்துக் கோடு வெட்டுவார்கள். வெட்டி முடிந்த பாத்திரத்தைக் கரி நெருப்பில் சூடாக்கி, நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் தேய்ப்பார்கள். சூட்டில் அரக்கு உருகிப் பள்ளங்களில் இறங்கும். ஆறியபின் மேலே மிஞ்சியதைச் சுரண்டித் தேய்த்து எடுத்தால் பித்தளையும் அரக்கும் ஒரே மட்டத்தில் நிற்கும். ‘சியா கலம்’, அதாவது கறுப்புப் பேனா என்ற வகையில் இன்னொரு படி உண்டு. செதுக்குவதற்கு முன்பே பித்தளைக்கு வெள்ளீயம் பூசிவிடுவார்கள். உளி அந்த வெள்ளைத் தோலைக் கிழித்துக்கொண்டு பித்தளைக்குள் இறங்கும். பள்ளத்தில் கறுப்பரக்கு நிற்கும். வெள்ளியில் மையால் எழுதியதுபோல் இருக்கும் பழைய துண்டுகள் இந்த வகைதான்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் வெள்ளீயம், பிறகு வெட்டு, கடைசியில் அரக்கு. வெள்ளீயம் உருகுவது 232 பாகை செல்சியஸில். அரக்கு 65 முதல் 80 பாகைக்குள் இளகி உருகத் தொடங்கிவிடும். ஆகவே துலக்கி வெள்ளீயத்தைத் தேய்த்துவிட்டு, “பிறகு ஈயம் பூசிக்கொள்ளலாம்” என்று நினைத்தால், பூசுகிற சூட்டில் அரக்கு முழுவதும் போய்விடும். திரும்பி வர வழியில்லாத பாதை அது.

அடுத்தது, கையில் இருப்பது இந்த அரக்கு வேலைதானா என்பது. ஒரேபோல் தெரியும் சாமான்கள் பல உண்டு. கர்நாடகத்துப் பீதர் ஊரின் பிதிரி வேலையிலும் கறுப்பு இருக்கும். ஆனால் அது அரக்கு அல்ல. பெரும்பகுதி துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் சேர்ந்த கலவையில் வெள்ளியைப் பதித்து, அந்த ஊர்க் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துப் பூசி, உலோகத்தையே கறுக்கவைப்பது அது. தஞ்சாவூர்த் தட்டில் செம்பு அல்லது பித்தளைமேல் வெள்ளியும் செம்பும் புடைப்பாக ஏறியிருக்கும், நிறம் நிரப்புவதில்லை. காசி வேலை பெரும்பாலும் தட்டிப் புடைத்தது. ஜெய்ப்பூரிலிருந்தும் நிறம் நிரப்பிய தட்டங்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் உருவங்களும் புராணக் காட்சிகளும் கூடுதலாக இருக்கும். நம்மூர்க் கண்டிப் பித்தளை வேறு குடும்பம்: அன்னமும் பலாப்பெத்தி என்ற இதழ் வரிசையும் தட்டிச் செதுக்கியிருக்கும், கோட்டுக்குள் நிறம் கிடையாது. இலங்கையில் அரக்கு வேலை மரத்தில்தான் வளர்ந்தது. மாத்தளைப் பக்கத்து ஹப்புவிதையில் அரக்கை நூல்போல் இழுத்து நகத்தால் ஒட்டும் வேலை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொழும்பு 7 தேசிய நூதனசாலையில் கண்டிப் பித்தளையை ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உங்கள் தட்டத்தைப் பார்த்தால், கை வேறு என்பது தெரியும்.

வீட்டிலேயே பார்ப்பதற்கு வேண்டியவை ஒரு டோர்ச்சும், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு பெருக்கும் வில்லையும்தான். அறை விளக்கை அணைத்து, தட்டத்தை மேசையில் கிடத்தி, டோர்ச் வெளிச்சம் தட்டத்தின் முகத்தோடு உரசிப்போகிற மாதிரிப் படுக்கையாகப் பிடியுங்கள். ஒரு கோட்டை எடுத்து முனையிலிருந்து முனைவரை வில்லைக்குள் நடத்திக்கொண்டு போங்கள். கையால் வெட்டிய கோட்டின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் படிகள் தெரியும். ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் உளி நகர்ந்த அளவு அது. வளைவில் படிகள் நெருங்கும், நேர்கோட்டில் அகலும். கோடு முடியும் இடத்தில் உளி மேலேறிய சரிவு இருக்கும். சில இடத்தில் கோடு எல்லையை மீறி ஒரு முடியளவு ஓடியிருக்கும். பிறகு ஒரே பூ திரும்பத்திரும்ப வரும் இடத்தைப் பிடித்து ஐந்து பூக்களை ஒப்பிடுங்கள். கைவேலையில் ஐந்தும் அக்கா தங்கைகள்போல் இருக்கும், இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்காது.

அச்சில் அழுத்திய தட்டமென்றால் பின்பக்கத்தில் அதே பூ புடைத்துத் தெரியும். பூவோடு சேர்த்து வார்த்ததென்றால் கோட்டின் ஓரம் மழுங்கி, பள்ளத்தின் தரை மணல்போல் சொரசொரப்பாக இருக்கும். அமிலத்தால் அரித்ததில் எல்லாக் கோடும் ஒரே ஆழம். படி இருக்காது, ஓரத்தின் அடியில் கொஞ்சம் குடைந்திருக்கும். இந்த மூன்றையும் கைவேலையிலிருந்து பிரிப்பதில் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லை. நன்றாகத் தேய்ந்த துண்டில் மட்டும்தான் குழம்பும். அடியில் வட்டவட்டமாகக் கடைசல் கீறல் இருப்பதைப் பார்த்து, “மெஷின் வேலை, புதுசு” என்று தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. கையால் சுழற்றும் கடைசல் பட்டறை மிகப் பழையது.

இனி கோட்டுக்குள் இருப்பது. அரக்கு பித்தளையோடு ஒரே மட்டத்தில், தேய்த்த முகத்தோடு நிற்கும். அதில் ஊசிமுனை அளவு குமிழிப் பள்ளங்கள் இருக்கும். பழையதில் முடிபோன்ற வெடிப்புகளும், பள்ளத்தின் ஓரத்திலிருந்து சற்றே விலகிய இடைவெளியும் இருக்கும். பெயின்ட் அப்படியில்லை. தூரிகையால் வைத்த பெயின்ட் காயும்போது சுருங்கி நடுவில் குழியும், ஓரத்தில் பித்தளைமேல் ஏறியிருக்கும், பளபளப்பு ஒரே சீராக இருக்கும். பிந்திய ஏற்றுமதிச் சரக்கில் அரக்குக்குப் பதில் செயற்கைப் பூச்சுகள் நிறையப் புகுந்துவிட்டன. பழைய துண்டிலும் அரக்கு உதிர்ந்த இடத்தில் யாரோ பெயின்ட் தொட்டு வைத்திருப்பதுண்டு. ஆகவே ஒரு கோட்டில் பெயின்டைக் கண்டதும் முழுத் தட்டத்தையும் தள்ளிவிட வேண்டாம். நிறம் நிறமாக, இடம் இடமாகப் பாருங்கள்.

கண்ணால் தீராவிட்டால் மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது சேதமில்லாதது: கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டறையில் பிடித்தால், நிறம் குறைந்த அரக்கு செம்மஞ்சளாக ஒளிரும். ஒளிர்ந்தால் நல்ல சாட்சி. ஒளிராவிட்டால் முடிவு ஒன்றுமில்லை, ஏனென்றால் கறுப்பும் அடர்ந்த நிறங்களும் ஒளிர்வை மறைத்துவிடும். இரண்டாவது, ஊசியின் நுனியைச் சூடாக்கி, அடிப்பக்கத்தில் யாரும் பார்க்காத ஒரு புள்ளியில் தொடுவது. அரக்கு இளகிக் குங்கிலியத்துக்குக் கிட்டிய பிசின் மணம் வரும். செயற்கைப் பூச்சு கருகி பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். மூன்றாவது, தீக்குச்சி முனையில் ஒரு இழை பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, நன்றாக ஒற்றி எடுத்தபின் ஒரு புள்ளியில் பத்து எண்ணும்வரை வைப்பது. அரக்கு பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் இறங்கும். ஆனால் நெடுங்காலம் காற்றில் கிடந்த அரக்கு இறுகி, ஸ்பிரிட்டுக்கும் சூட்டுக்கும் லேசில் மசியாது. எனவே நிறம் இறங்கினால் அரக்கு என்று நம்பலாம்; இறங்காததை வைத்துப் பெயின்ட் என்று தீர்க்க முடியாது. பின்னிரண்டு சோதனைகளும் தழும்பு விடுபவை. ஒருமுறை, ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

காந்தத்தையும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. ஒட்டாததால் பித்தளை என்று ஆகிவிடாது. துத்தநாகமும் அலுமினியமும்கூட ஒட்டாது. பூச்சாடியில் அரக்கு எங்கும் ஆடவில்லையென்றால் அடர்த்தி பார்க்கலாம். முதலில் சாடியை எடை போடுங்கள். பிறகு சமையலறைத் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, அது காட்டும் எடையைப் பூச்சியமாக்கி, சாடியை நூலில் கட்டி, உள்ளே காற்று நிற்காமல், அடி தொடாமல் முழுக அமிழ்த்துங்கள். 850 கிராம் சாடிக்குத் தராசு 100 கிராம் காட்டினால், 850ஐ 100ஆல் வகுக்க அடர்த்தி 8.5. பித்தளைக்கு 8.4 முதல் 8.7 வரை வரும், துத்தநாக வார்ப்புக்கு 7க்குக் கிட்ட, அலுமினியத்துக்கு 2.7. வேலை முடிந்ததும் உடனே ஒற்றித் துடைத்துவிடுங்கள், ஈரம் நின்றால் அரக்கு வெளிறிப் பால்படும்.

இப்போது வயது. இங்கேதான் உறுதியானது குறைவு, ஊகம் கூடுதல். அடியிலிருக்கும் ‘இந்தியா’ முத்திரையை வைத்து, அந்த ஒரு சொல் மட்டும் இருந்தால் இன்ன ஆண்டுக்கு முந்தியது, ‘இந்தியாவில் செய்தது’ என்றிருந்தால் பிந்தியது என்று இணையத்தில் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்குக்கு அடியில் ஒரு உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்றது. அதனால் ஆங்கில முத்திரை குத்திய துண்டு பெரும்பாலும் அதற்குப் பிறகான ஏற்றுமதிப் பட்டறைச் சரக்கு என்பதுவரை சொல்லலாம். அதற்குமேல் போனால் கால் வழுக்கும். பட்டறைக்காரர் கையிலிருந்த முத்திரை உளியைத் தேயும்வரை பாவிப்பார், சட்டம் மாறியது என்று மறுநாள் தூக்கிப்போடமாட்டார். முத்திரை இல்லாததும் பழமைக்குச் சான்றில்லை. உள்ளூர்ச் சந்தைக்குப் போன சாமானுக்கு முத்திரையே தேவையில்லை.

உங்களிடம் அதைவிடப் பெறுமதியான ஒரு சாட்சி இருக்கிறது. அது வீட்டில் வழங்கும் அந்தத் தனுஷ்கோடிப் பேச்சு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். 1964 டிசம்பர் 22, 23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப்போட்டது; அதன்பின் கப்பல் ஓடியது இராமேஸ்வரத்திலிருந்து. ஆகவே ‘தனுஷ்கோடி வழியாக’ என்ற சொல் சரியென்றால், சாமான் கொழும்புக்கு வந்தது 1964க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. வந்த அன்றைக்கு அது புதிதா, பழையதா என்பதை அந்தச் சொல் சொல்லாது. அப்பப்பாவின் பயணக் கடவுச்சீட்டோ, அந்தக் காலக் கலியாணப் படத்தில் பின்னால் அலுமாரிமேல் இதே பூச்சாடியோ இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி ஒரு படம் எந்த முத்திரையையும்விடப் பலமாகப் பேசும்.

உலோகக் கலவையை ஆராய்ந்து வயது சொல்லலாமா என்றும் சிலர் கேட்பார்கள். தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்-கதிர் இயந்திரம் பித்தளையில் எவ்வளவு செம்பு, எவ்வளவு துத்தநாகம், எவ்வளவு காரீயம் என்று சொல்லிவிடும். ஆனால் வெளிநாட்டு நூல்களில் வரும் ஒரு விதியை இங்கே பொருத்தினால் ஏமாந்துபோவோம். ஐரோப்பாவில் பழைய முறையில், துத்தநாகத் தாதுவைச் செம்போடு சேர்த்துச் சுட்டுப் பித்தளை செய்தார்கள். அதில் துத்தநாகம் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தாண்டாது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் துத்தநாகத்தை வடித்தெடுக்க 1738இல் காப்புரிமை பெற்ற பிறகே அங்கே அந்த எல்லை உடைந்தது. இந்தியாவிலோ ராஜஸ்தானின் ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தை வடித்தெடுத்தார்கள். ஆகவே இந்தியப் பித்தளையில் துத்தநாகம் கூடியிருப்பது புதுமைக்கு அடையாளம் ஆகாது.

தேய்மானம் நேர்மையான சாட்சி, அதைச் சரியான இடத்தில் தேடினால். தட்டம் என்றால் விளிம்பில் விரல் பிடிக்கும் இடமும் அடியில் மேசை தொடும் வளையமும் மழுங்கவேண்டும். கோட்டின் ஓரமும் அரக்கும் சேர்ந்தே மழுங்கவேண்டும். விரல் படாத உட்குழியில் தேய்ந்து, விளிம்பு கூராக இருந்தால் யாரோ பழசாக்கியிருக்கிறார்கள். தூசு சேராத வெளிமுகத்தில் ஒரே சீரான பச்சைக் களிம்பும் அப்படித்தான். இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ‘அநேகமாக 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி’ என்பதுபோன்ற ஒரு பரப்புத்தான் கிடைக்கும். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆண்டைச் சொல்பவரை நம்பவேண்டாம். சந்தையில் அன்டீக் என்று சுற்றும் நிறம் நிரப்பிய பித்தளையில் பெரும்பங்கு, இந்திய சுதந்திரத்துக்குப் பிந்திய ஏற்றுமதிச் சரக்கு என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னால் ஏமாற்றம் குறையும்.

துலக்கலுக்கு வருவோம். நம் வீடுகளில் பித்தளை என்றால் குத்துவிளக்கு, செம்பு, கும்பக் குடம். வெள்ளிக்கிழமைக்கு முன் பழப்புளியும் தேசிக்காய்த் தோலும் போட்டுத் தும்பால் உரஞ்சி, திருநீறோ சாம்பலோ தொட்டுப் பளபளப்பாக்கும் பழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. அது முழுக்க உலோகம், பாவிக்கும் சாமான். அரக்கு நிரப்பிய சாமானில் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் கெடுக்கும். புளியின் அமிலம் மேல்தோலிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்துவிட்டு, செம்பை இளஞ்சிவப்பாக விட்டுவிடும். பள்ளத்தின் ஓரத்தில் தங்கிய புளி பிறகு களிம்பாகும். ஈரச் சாம்பலும் திருநீறும் காரம். சவர்க்காரத் தூள், சலவைச் சோடா, வெண்காரம் எல்லாம் அந்த இனம்தான். அரக்கு காரத்தில் கரையும். சுடுதண்ணீர் அதை இளக்கும். ஸ்பிரிட்டும் கைச்சுத்திகரிப்புத் திரவமும் நேராகவே கரைக்கும். போத்தலில் வரும் பொலிஷ் பலவற்றில் அராவும் தூளோடு அமோனியாவும் இருக்கும். அரக்கைப் பொறுத்தவரை இரட்டை அடி.

அமோனியா பித்தளைக்கே ஆகாது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையின் தோட்டாக் கூடுகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தபோது தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும்பிய அமோனியாவும், அடித்து இழுத்த பித்தளைக்குள் ஒளிந்திருந்த இறுக்கமும் சேர்ந்த வேலை அது என்பது 1921இல்தான் தெளிவானது. உங்கள் பூச்சாடி தகட்டிலிருந்து அடித்ததென்றால் அதே இறுக்கம் அதற்குள்ளும் இருக்கும். கழுத்தில் மயிரளவு நெட்டு வெடிப்பு கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மெஷினில் துலக்குவது எல்லாவற்றிலும் மோசம். சுழலும் துணிச்சில்லு பித்தளையோடு உரசும் சூடு அரக்கின் இளகுநிலையைச் சாதாரணமாகத் தாண்டும். அரக்கு இழுபட்டுப் பித்தளைமேல் பூசுபடும், பள்ளத்திலிருந்து பிய்ந்துவரும். உளியின் படிகள் மழுங்கிக் கோடு சவர்க்காரத்தில் கீறியதுபோல் ஆகிவிடும். பொலிஷ் மெழுகு வெறும் பள்ளங்களில் போய் அடைந்துகொள்ளும். பிறகு ‘நிறம் போய்விட்டது’ என்று அவரே பெயின்ட் நிரப்பித் தருவார். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்றில்லை. மினுங்கும் சாமானைக் கேட்கிற வாடிக்கையாளர்தான் அவருக்கு அதிகம். சேகரிப்பவர் அந்த மினுக்கத்தைப் பார்த்ததும் சாமானைக் கீழே வைத்துவிடுவார்.

பாதுகாப்பாகச் செய்யக்கூடியது இவ்வளவு. மென்மையான நீர்வர்ணத் தூரிகையால் தூசைத் தட்டுங்கள். டோர்ச் வெளிச்சத்தில் அரக்கைச் சுற்றிவந்து, பல்குத்தியின் மழுங்கிய முனையால் மெல்லத் தொட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடும் இடத்தைப் படமெடுத்துக் குறித்துவிட்டு, அங்கே இனித் தொடவேண்டாம். உறுதியான இடங்களுக்கு, அரை லீற்றர் வடித்த தண்ணீரில் காரமில்லாத திரவச் சோப்பு இரண்டு மூன்று துளி விடுங்கள். பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, விரலால் பிழிந்து, உரஞ்சாமல் உருட்டுங்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு குச்சி. அழுக்கான குச்சியால் அடுத்த இடத்துக்குப் போகவேண்டாம். அடுத்த குச்சி வெறும் வடித்த தண்ணீரில். உடனே பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். வெயிலோ, தலைமுடி உலர்த்தியோ வேண்டாம். ஒரு தட்டத்துக்கு இரண்டு மூன்று மாலை செல்லும்.

எண்ணெய்ப் பிசுக்கும் விளக்குக் கரியும் தண்ணீருக்கு அசையாவிட்டால் பெயின்ட் கடையில் வாங்கும் மினரல் டர்ப்பன்டைனைப் பஞ்சில் தொட்டுப் பாவிக்கலாம். அரக்கு அதில் கரையாது. கோட்டுக்குள் பெயின்டும் இருக்கக்கூடுமென்பதால் ஒரு மூலையில் பார்த்துவிட்டே தொடருங்கள். பழைய பொலிஷ் வெள்ளையாகக் கட்டிப் பள்ள ஓரத்தில் நிற்கும். கூராக்கிய மூங்கில் குச்சியை டர்ப்பன்டைனில் தொட்டு, வில்லையில் பார்த்துக்கொண்டே உதிர்த்தெடுக்க வேண்டும். செதுக்கல் இல்லாத அகன்ற பித்தளை முகம் மட்டும் கொஞ்சம் வெளிக்கவேண்டும் என்றால், மிக நுண்ணிய சுண்ணத் தூளை (வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, வெண்கட்டி வகை) டர்ப்பன்டைனில் குழைத்து, விரல் நுனித் துணியால் அந்த முகத்தில் மட்டும். வெள்ளீயம் பூசிய பரப்பில் அதுவும் கூடாது. கடைசியில் தேங்காயெண்ணெய் பூசி மினுக்கும் ஆசை வரும். அது புளித்துக் கொழுப்பமிலமாகி, செம்போடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகும். நூதனசாலைகள் பாவிக்கும் நுண்பளிங்கு மெழுகை (மைக்ரோகிறிஸ்டலைன் வாக்ஸ்) வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி எடுப்பிக்க முடிந்தால் ஒரு மெல்லிய பூச்சு போதும். கிடைக்காவிட்டால் ஒன்றும் பூசாமல் விடுவதே நல்லது.

உதிர்ந்த அரக்குத் துண்டு கிடைத்தால் எறியவேண்டாம். காகித உறையில் போட்டு, எந்தப் பூவின் எந்த இதழ் என்று எழுதி வையுங்கள். உடனடிப் பசையால் ஒட்டினால் பிறகு யாராலும் பிரித்துச் சரிசெய்ய முடியாது. புறக்கோட்டை காபோஸ் லேன் நாட்டுமருந்துக் கடைகளில் கொம்பரக்குக் கிடைக்கும்; அதை உருக்கி இடைவெளியை நிரப்பலாமே என்று தோன்றும். நிரப்புவதற்குப் பித்தளை சூடாகவேண்டும், சூடானால் பக்கத்துப் பழைய அரக்கும் இளகும். வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

வைக்கும் இடத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு தனிக் கவலை உண்டு. கடற்பக்க ஜன்னல் என்றால் உப்புக் காற்று, பின்னேரம் என்றால் மேற்கு வெயில். உப்பு பித்தளையில் புள்ளி புள்ளியாகக் குழி போடும். மேற்கு வெயில் விழும் இருண்ட உலோகம் தொட்டால் சுடும் அளவுக்கு ஏறும். அரக்கு உலோகத்தைவிடக் கூடுதலாக விரிந்து சுருங்குவதால் நாளுக்கொரு தரம் பள்ளச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகும். உட்சுவர்ப் பக்கம், கண்ணாடி அலுமாரி, உள்ளே மாதமொருமுறை மாற்றும் சிலிக்கா ஜெல் பொட்டலம் என்று வைத்தால் போதும். ரப்பர் விரிப்பும் புளிப்பு மணமடிக்கும் பலகையும் வேண்டாம். பூச்சாடியில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்க வேண்டாம். தட்டத்தில் பலகாரமும் வைக்க வேண்டாம்: பழைய சிவப்பில் சாதிலிங்கமும் மஞ்சளில் அரிதாரமும் இருக்கலாம், ஒன்று பாதரசம், மற்றது ஆர்சனிக். சும்மா வைத்திருப்பதால் ஆபத்தில்லை. தேய்த்துத் தூள் பறக்கவிட்டால்தான் ஆபத்து. துலக்கவேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலைக்கு ஒரு எண் சொல்வது நேர்மையாகாது. கீழெல்லை மட்டும் தெளிவு: அன்றைய பழைய பித்தளைக் கிலோ விலை. சாமானைத் தராசில் வைத்துப் பேச்சைத் தொடங்குபவர் அந்த எல்லையில் நிற்பவர். அதற்குமேல் ஏற்றுபவை, முக்கியத்துவ வரிசையில்: அரக்கு எவ்வளவு முழுமை, வெள்ளீயம் இருந்தால் அது தேயாமல் இருக்கிறதா, உளி வேலையின் நெருக்கமும் கூர்மையும், வழக்கமல்லாத வடிவம், வீட்டு ஆதாரம். அளவும் எடையும் பிறகுதான். வாங்குபவரிடம் காட்டப் படமெடுக்கும்போது முன்பக்கம், அடிப்பக்கம், முத்திரை, சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு சதுர அங்குலம், உதிர்ந்த இடம் ஒவ்வொன்றையும் தனியாக எடுங்கள். குறையை முதலில் காட்டினால் பிறகு விலை பேசும்போது அவர் அதைக் கண்டுபிடித்துக் குறைக்க வழியிருக்காது.

வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கும் எண்ணமிருந்தால், 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி அனுமதி தேவையா என்று, கொழும்பு 7இல் நூதனசாலைக்குப் பக்கத்திலுள்ள தொல்பொருளியல் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்குக் கொண்டுபோய் விற்றுப் பார்க்கலாம் என்று நினைத்தால் போகும் வழியைவிடத் திரும்பும் வழிதான் சிக்கல். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியாள் வெளியே கொண்டுவர முடியாது. விலை சரிவராமல் திருப்பிக்கொண்டு வரும்போது விமான நிலையத்தில், இது கொழும்பிலிருந்து போன சாமான் என்று நிரூபிக்கவேண்டியது நீங்கள். கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், போகும்போதே சுங்கத்தில் படத்தோடு பதிவு செய்து ஒரு தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.